சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1,35,000 டாலர். ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். பக்கத்து மாநிலத்தில் 900 மாணவர்கள் படிக்கும் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். அங்கே கல்விக் கட்டணம் 38,000, விடுதிக்கும் உணவுக்கும் 13,000. உதவிகள் போக நாங்கள் கட்ட வேண்டியது 21,500 என்று கடிதம் வந்திருக்கிறது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விடுதியோடு சேர்த்து 33,000 ஆகிறது. உதவித்தொகை எதுவும் இல்லை. கல்லூரிச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பான 529 கணக்கில் 60,000 சேர்த்து வைத்திருக்கிறோம். "திருச்சபை நடத்தும் கல்லூரி, பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார் கணவர். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். ஆனால் 11,500 டாலர் மிச்சமாகிறது என்ற கணக்கை நம்பிச் சேர்க்க வேண்டாம். அந்த மிச்சம் உண்மையில் இல்லை. நீங்கள் அனுப்பிய கடித நகலில் "உதவிகள்" என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் வரி, கல்லூரியே தரும் 22,000 டாலர் தகுதி உதவித்தொகை. இரண்டாவது, 5,500 டாலர் மத்திய அரசு மாணவர் கடன். மூன்றாவது, வளாகத்தில் வேலை செய்தால் கிடைக்கும் 2,000 டாலர். கடன் உங்கள் மகள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பணம். வேலைச் சம்பளம் அவள் உழைத்த பிறகுதான் கைக்கு வரும். அது புத்தகச் செலவுக்கே சரியாகப் போய்விடும். ஆகவே முதல் வரியை மட்டும் கழியுங்கள். நீங்கள் கட்ட வேண்டியது 29,000. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 4,000 டாலர்தான்.

அந்த வித்தியாசமும் நான்கு ஆண்டுகளில் கரைந்துகொண்டே வரும். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்; உதவித்தொகையோ பெரும்பாலும் முதல் ஆண்டில் எழுதிய தொகையிலேயே நின்றுவிடும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். 51,000 டாலர் நான்காம் ஆண்டில் 57,368 ஆகிறது. உதவித்தொகை அதே 22,000. அந்த ஆண்டில் உங்கள் பங்கு 35,368. மாநிலப் பல்கலைக்கழகமும் அதே வேகத்தில் ஏறினால் அங்கே 37,121. வித்தியாசம் 1,800 டாலருக்கும் கீழே வந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளின் மொத்தத்தைப் பார்த்தால் கல்லூரிக்கு 1,28,570, பல்கலைக்கழகத்துக்கு 1,40,134. மகள் ஒரே ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தாலும் இந்த இடைவெளி இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

22,000 டாலர் என்பது பெரிய தொகைதான். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அமெரிக்காவின் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவித்த கல்விக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன. ஆகவே இன்னும் கொஞ்சம் கேட்பதில் தவறில்லை. வேறு கல்லூரிகளின் கடிதங்கள் இருந்தால் அவற்றையும் இணைத்து நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். பங்குத்தந்தையிடமும் சொல்லி வையுங்கள். சில கல்லூரிகள் பங்கிலிருந்து பரிந்துரை பெற்று வரும் மாணவர்களுக்குத் தனியாக உதவித்தொகை வைத்திருக்கின்றன. உதவித்தொகை தொடர எவ்வளவு மதிப்பெண் சராசரி வேண்டும், ஒரு பருவம் சறுக்கினால் உடனே நிறுத்துவார்களா, விடுதியிலேயே தங்கியாக வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலாண்டு வேதியியலில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுவதுண்டு.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். பணத்தைவிட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இந்த நாட்டின் கத்தோலிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றை ஆயர்களின் கீழ் இயங்கும் மறைமாவட்டங்கள் நடத்துவதில்லை. துறவற சபைகள், அவற்றிலும் பல அருட்சகோதரிகளின் சபைகள், தொடங்கியவை அவை. இன்று ஒவ்வொரு கல்லூரியும் தனிச் சட்ட அமைப்பு. அதன் கடனுக்கு அந்தக் கல்லூரியே பொறுப்பு. மாணவர் எண்ணிக்கை சரிந்து கையிருப்பு தீர்ந்தால் ஆயரோ வத்திக்கானோ வந்து காப்பாற்றுவதில்லை. மில்வாக்கியில் கார்டினல் ஸ்ட்ரிட்ச் பல்கலைக்கழகம் 1937-இல் பிரான்சிஸ்கன் சகோதரிகள் தொடங்கியது. 2023 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவித்தார்கள். மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். பென்சில்வேனியாவின் கப்ரினி பல்கலைக்கழகம், ஆல்பனியின் செயின்ட் ரோஸ் கல்லூரி, ஒஹாயோவின் நோட்டர் டேம் கல்லூரி மூன்றும் 2024-இல் மூடின. நோட்டர் டேம் என்றதும் இந்தியானாவில் இருக்கும் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் என்று பதற வேண்டாம், அது வேறு. செயின்ட் லூயிசின் ஃபான்ட்போன் பல்கலைக்கழகம் 2025-இல் மூடியது. இவை எல்லாமே நல்ல பெயர் எடுத்த இடங்கள்தாம்.

படிக்கும்போதே கல்லூரி மூடினால் மத்திய அரசுக் கடனைத் தள்ளுபடி செய்ய விதி இருக்கிறது. தனியார் வங்கிக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் கையிலிருந்து கட்டிய பணமும் போனது போனதுதான். வேறு கல்லூரிக்கு மாறும்போது சில பாடங்களை அங்கே ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம்.

ஆகவே, கல்லூரி உங்கள் குடும்பக் கணக்கைக் கேட்டது போல நீங்களும் கல்லூரியின் கணக்கைக் கேட்க வேண்டும். இதில் கூச்சம் வேண்டாம். மத்தியக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதி நிலைக்கு மைனஸ் 1 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்து வெளியிடுகிறது. 1.5-உம் அதற்கு மேலும் என்றால் தேர்ச்சி. 1-க்குக் கீழே என்றால் நான் என் பிள்ளையை அனுப்பமாட்டேன். ஆனால் இந்த மதிப்பெண் கொஞ்சம் பழைய கணக்கைக் காட்டுவது. அதனால் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கல்லூரி ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரவு செலவுக் கணக்கான படிவம் 990-ஐயும் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளின் படிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதல் பக்கத்தில் வரவிலிருந்து செலவைக் கழித்த ஒரு வரி உண்டு. அது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மைனஸில் இருந்தால், காரணம் கேட்டு எழுதுங்கள். அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் மொத்த மாணவர் எண்ணிக்கை, இரண்டாம் ஆண்டுக்குத் திரும்புவோர் விகிதம், நான்கே ஆண்டில் பட்டம் பெறுவோர் விகிதம் எல்லாம் இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்தால் பார்த்து முடித்துவிடலாம்.

சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டதில் பாதி, உயிரியல் துறையைப் பற்றியது. 900 பேர் படிக்கும் கல்லூரியில் அந்தத் துறையில் நாலைந்து பேராசிரியர்கள் இருந்தாலே அதிகம். அவர்கள் மகளின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள், பரிந்துரைக் கடிதத்தை மனமார எழுதுவார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இது எளிதில் கிடைக்காது. ஆனால் ஒருவர் ஓய்வு பெற்றால் மூன்றாமாண்டுப் பாடம் ஒன்று நின்றுபோகலாம். மேல்நிலைப் பாடங்களை ஆண்டுதோறும் நடத்துகிறார்களா, ஒன்றுவிட்டு ஒரு ஆண்டா என்று கேளுங்கள். மகள் மனம் மாறிப் பொறியியலுக்கோ நர்சிங்குக்கோ போக நினைத்தால் அங்கே அது இருக்கிறதா என்றும் பாருங்கள். இறையியல், மெய்யியல் பாடங்கள் கட்டாயமாக இருக்கும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி தேர்வுகளை எதற்கு ஈடாக ஏற்பார்கள் என்பதில் ஒரு பருவக் கட்டணமே அடங்கியிருக்கலாம். சேர்க்கைத் திருவிழா நாளில் போகாமல் சாதாரணப் புதன்கிழமை ஒன்றில் அவளை அனுப்புங்கள். வகுப்பில் உட்காரட்டும், மாலைத் திருப்பலிக்கு எத்தனை மாணவர்கள் வருகிறார்கள் என்று அவளே பார்க்கட்டும். பெயரில் புனிதர் இருக்கும் கல்லூரிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. கலிஃபோர்னியாவின் தாமஸ் அக்வினாஸ் கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம். சிறப்புப் பாடம் என்பதே இல்லை. வர்ஜீனியாவின் கிறிஸ்டண்டம் கல்லூரி மத்திய அரசுப் பணத்தையே வாங்குவதில்லை. அரசு மாணவர் கடனை அங்கே பயன்படுத்த முடியாது.

உங்கள் கல்லூரி இந்தச் சோதனைகளில் தேறினால் பணம் கட்டும் வழி கடினமாக இல்லை. நான்கு ஆண்டுக்கு 1,28,570. சேமிப்பு 60,000. மகளின் பெயரில் அரசு மாணவர் கடன் ஆண்டுவாரியாக 5,500, 6,500, 7,500, 7,500 என்று மொத்தம் 27,000 வரை கிடைக்கும். மீதி 41,570. மாதத்துக்கு 870 டாலர் போல உங்கள் சம்பளத்திலிருந்து ஒதுக்க வேண்டியிருக்கும். பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசின் பிளஸ் கடனைத் தொடாதீர்கள். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பு வரை வாங்கலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் ஓய்வுக்காலத்தை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 4,000 டாலரை 529 கணக்கிலிருந்து எடுக்காமல் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள். அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி வரிச் சலுகையில் அதற்கு 2,500 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். கணவன் மனைவி சேர்ந்து வரித் தாக்கல் செய்தால், 1,60,000 டாலர் வருமானம் வரை முழுச் சலுகை உண்டு. நான்கு ஆண்டில் 10,000. ஒரே செலவுக்கு இரண்டு சலுகையும் கேட்க முடியாது என்பதால், இந்த 4,000-க்கான ரசீதைத் தனியாக எடுத்து வையுங்கள். முன்பணம் கட்ட வழக்கமான கடைசி நாள் மே 1. கல்லூரியிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு கட்டுங்கள்.