வாசகர் கேள்வி – அறிவியல் பதில்: சவுக்குமுளைகள் ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வி: வைக்கோல் ஊறிய நீரிலிருந்து வளர்த்த பசிலஸ் சப்ரிலிஸ் பற்றீரியாவின் சவுக்குமுளைகளை (அது நீந்த உதவும் மெல்லிய இழைகளை) உயர்தர மாணவருக்குக் காட்ட விரும்பினேன். பற்றீரியாக்களை வகைப்படுத்த வழக்கமாக இடும் கிராம் சாயத்தை இட்டபோது ஊதாக் கோல்கள் மட்டுமே தெரிந்தன. பின்னர், தனிக் அமிலம் கலந்த சாயத்தை வழக்கம்போல் சுவாலையில் காட்டி நிலைப்படுத்திய வழுக்கியில் இட்டுக் கிணற்று நீரால் கழுவினேன். வழுக்கி முழுவதும் புள்ளிகளாகிவிட்டது. எங்கே தவறு?
– உயிரியல் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: முதல் முயற்சியில் நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. சவுக்குமுளை ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 20 நனோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டியோ, எவ்வளவு நல்லதாயினும், ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. எனவே நிறம் ஏற்றினால் மட்டும் போதாது. அந்த இழையின்மேல் ஏதேனும் படிந்து அதைப் பல மடங்கு தடிப்பாக்க வேண்டும். தனிக் அமிலமும் படிகாரமும் சேர்ந்த நிறமூன்றி (சாயத்தைப் பற்றி நிற்கவைக்கும் பொருள்) அதைத்தான் செய்கிறது. நாம் காண்பது சவுக்குமுளையின் உண்மைத் தடிப்பை அன்று, அதன்மேல் ஏறிய படிவையே என்பதை மாணவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த அறிவு சாயக்காரரிடமிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேரின் சிவப்பைப் பருத்தித் துணியில் நிற்கவைக்கக் கடுக்காயும் படிகாரமுமே உதவின. கடுக்காயில் இருப்பதும் தனிக் அமிலத்தின் இனமான தனின்தான். 1877 இல் ஜேர்மன் பற்றீரியாவியலாளர் றொபேட் கொக் சவுக்குமுளைகளுக்கு நிறமேற்றப் பயன்படுத்தியதும் துணிச்சாயத்துக்குரிய ஒரு மரத்தின் சாறே. தனின் கொண்ட நிறமூன்றியை மற்றொரு ஜேர்மன் ஆய்வாளர் லொஃப்லர் 1889 இல் அறிமுகப்படுத்தினார்.

இரண்டாவது முயற்சியில் மூன்று இடர்கள் சேர்ந்துவிட்டன. சுவாலையின் வெப்பமும் கலங்களைத் தேய்த்துப் பரப்பிய கம்பி வளையமும் சவுக்குமுளைகளை உதிர்த்திருக்கும். நமது சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். அது உலரும்போது உப்பு படியும். சாயமும் வடிக்காமல் இட்டால் துகள்களாகப் படியும். ஆகவே காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

பாடசாலைக்கு நான் பரிந்துரைப்பது, றியூ என்பவர் 1937 இல் வெளியிட்ட சாயத்தை ஈரநிலையில் இடும் முறை. 5 சதவீதப் பீனோல் கரைசல் 10 மில்லிலீற்றரில் தனிக் அமிலம் 2 கிராமைக் கரைத்து, நிரம்பிய படிகாரக் கரைசல் 10 மில்லிலீற்றரைச் சேருங்கள். எதனோலில் நிரம்பிய கிறிஸ்டல் வயலற் கரைசலை வேறாக வைத்து, முதலாவதில் பத்துப் பங்குக்கு இதில் ஒரு பங்கு கலந்து வடிதாளில் வடியுங்கள். பீனோல் தோலைச் சுடும். அதை மாணவர் கையில் கொடுக்காமல் நீங்களே கையுறையுடன் அளவிடுங்கள்.

வழுக்கியின் தூய்மையில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு துளி நீரை இட்டுப் பாருங்கள்: அது முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய்ப்பசை இருக்கிறது, விரிந்து படலமாகப் பரவினால்தான் வழுக்கி தயார். வளர்ப்பூடகமான அகாரில் ஓரிரவு மட்டும் வளர்ந்த இளம் வளர்ப்பை எடுங்கள். ஊசி நுனியால் அதன் விளிம்பைத் தொட்டு, வழுக்கியிலுள்ள நீர்த்துளியில் மெல்ல வைத்து எடுத்துவிடுங்கள். கலக்கவே வேண்டாம், பற்றீரியாக்கள் தாமாகவே நீந்திப் பரவட்டும். மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி, அவை நீந்துகின்றனவா என முதலில் பாருங்கள். நீந்தும் கலம் ஒன்றேனும் இல்லாத வளர்ப்பில் சாயத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் சில கலங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது மூடுகண்ணாடியின் ஓரத்தில் இரண்டு துளி சாயம் விட்டால், அது தானாகவே உள்ளே ஊர்ந்து செல்லும். மேலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பொறுத்து, எண்ணெயிட்டுப் பார்க்கும் 100 மடங்குப் பொருள்வில்லையால், சாயமும் நீரும் கலக்கும் பகுதியைத் தேடுங்கள். கருமையான கோலைச் சுற்றி, அலைபோல் வளைந்த மெல்லிய ஊதா இழைகள் தெரியும். முதன்முறை அதைக் கண்ட மாணவர் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்ப மனமில்லாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சவுக்குமுளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதால் என்ன பயன்?
– மாணவர், பருத்தித்துறை

பதில்: இனங்காண உதவும். வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ கொலராவுக்கு ஒரு முனையில் ஒரே சவுக்குமுளை. பசிலஸ் சப்ரிலிஸுக்கு உடலைச் சுற்றிப் பல. வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இழைகள் எளிதில் அறுந்துவிடுவதால், பலவற்றை இழந்து ஒன்றை மட்டும் வைத்திருக்கும் கலம் உங்களை ஏமாற்றக்கூடும். வழுக்கியின் வெவ்வேறு இடங்களில் இருபது கலங்களையாவது பார்த்த பின்னரே குறிப்பேட்டில் படம் வரையுங்கள்.