லினக்ஸ் நிறுவல் டிவிடியின் நகல் பூட் ஆகாதது ஏன்?

நிறுவல் டிவிடியில் இருந்த கோப்புகள் அனைத்தையும் ஒரு போல்டரில் நகலெடுத்து, அவற்றை வேறொரு டிவிடியில் எழுதியதாகவும், கோப்புகளில் ஒன்றுகூடக் குறையாத நிலையிலும் கணினி அதிலிருந்து பூட் ஆகவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூட் ஆவதற்கான முதல் தகவல் எந்தக் கோப்புக்குள்ளும் இல்லை என்பதே இதற்குக் காரணம்.

டிவிடியில் உள்ள தரவு 2048 பைட் கொண்ட செக்டர்களாக அமைந்திருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், முதல் 16 செக்டர்களைக் கடந்து 16ஆம் எண் செக்டரில் வட்டின் பெயர், அளவு முதலிய விவரங்களும், 17ஆம் எண் செக்டரில் பூட் பதிவும் இருக்கும். 1995இல் பீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் வகுத்த எல் டோரிட்டோ வரையறையின்படி, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் இந்தப் பதிவைப் படித்து, அது சுட்டும் பூட் பட்டியலுக்குச் சென்று, அங்கிருந்து துவக்க நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கோப்பு மேலாளரில் இதெல்லாம் கண்ணில் படாது. தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் அந்த ஒரு செக்டரை மட்டும் எடுத்து, பைட்களைத் திரையில் காட்டும் ஹெக்ஸ்டம்ப் நிரலில் பெரிய எழுத்துச் சி விருப்பத்தோடு பார்த்தால், திரையின் வலப்பக்கத்தில் சிடி001 என்ற அடையாளமும் அதையடுத்து எல் டோரிட்டோ ஸ்பெசிஃபிகேஷன் என்ற சொற்களும் தெரியும். உங்கள் நகலில் அந்த இடத்தில் இவை இருக்கப்போவதில்லை.

ஆகவே கோப்புகளை விட்டுவிட்டுச் செக்டர்களை நகலெடுக்க வேண்டும். டிடி கட்டளைக்கு உள்ளீடாக டெவ் அடைவில் டிவிடி டிரைவைக் குறிக்கும் எஸ்ஆர்0 சாதனத்தையும், வெளியீடாக ஓர் ஐஎஸ்ஓ கோப்பின் (வட்டின் முழுப் படிமத்தின்) பெயரையும், தொகுதி அளவாக 2048 என்ற எண்ணையும் கொடுத்தால் போதும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது முக்கால் பங்கு சரி. சில வட்டுகளில், குறிப்பாகத் தடம் தடமாக எழுதப்பட்ட சிடிகளில், இறுதியில் படிக்க முடியாத இரண்டு செக்டர்களையும் டிரைவ் கணக்கில் சேர்த்துக் காட்டுவதால், நகல் முழுமையாக வந்த பிறகும் உள்ளீட்டுப் பிழை என்று திரையில் எழும். பலர் நல்ல வட்டையே பழுதென்று ஒதுக்கிவிடுவார்கள். எழுதும்போது நிரப்புக்காகச் சேர்ந்த வெற்றுச் செக்டர்களும் கூடவே வந்து, நகல் அசலோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையைக் குழப்புவதும் உண்டு. எனவே முதலில் வட்டின் விவரங்களைக் காட்டும் ஐஎஸ்ஓஇன்ஃபோ நிரலை டி என்ற விருப்பத்தோடு ஓட்டி, வால்யூம் சைஸ் என்ற வரியில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையே டிடி கட்டளையில் எத்தனை செக்டர் என்பதைக் குறிக்கும் கவுன்ட் என்ற இடத்தில் கொடுங்கள். அசல் ஐஎஸ்ஓ கோப்பின் பைட் அளவு வெளியீட்டாளரின் தளத்தில் இருக்குமானால், அதை 2048ஆல் வகுத்துக் கிடைக்கும் எண் இன்னும் நம்பகமானது. ஏனெனில் பென்டிரைவிலும் பூட் ஆகும்படி அமைத்த கோப்புகள் சிலவற்றில் வால்யூம் கணக்குக்கு அப்பாலும் தரவு இருக்கும்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்பவன். கேரளப் பள்ளிகளுக்கு, அவற்றின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசின் கைட் அமைப்பு தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்; கட்டற்ற மென்பொருள் என்பதால் நகலெடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. பென்டிரைவிலிருந்து பூட் ஆகாத பழைய கணினிகள் இன்னும் இருப்பதால், ஒரே டிவிடி வேலந்தாவளம் வரை உறையில்லாமல் கைமாறி, பாலக்காட்டுக் கணவாய்ப் புழுதியெல்லாம் ஏறித்தான் திரும்பி வரும். அப்படிக் கீறல் விழுந்த வட்டுக்கு டிடி பயன்படாது, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரல் வேண்டும். உபுண்டுவில் அதன் தொகுப்புக்கு ஜிடிடிரெஸ்க்யூ என்று பெயர். செக்டர் அளவை 2048 என்று குறிப்பிட்டு, வரைபடக் கோப்பு ஒன்றையும் கொடுத்துவிட்டால், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களைக் குறித்துவைக்கும். அதே வரைபடக் கோப்போடு வட்டை வேறொரு டிரைவில் போட்டு ஓட்டினால், அந்த இடங்களை மட்டும் மீண்டும் படிக்க முயலும். ஒரே வெளியீட்டின் இரண்டு பழுதான டிவிடிகளிலிருந்து ஒரு முழு நகல் கிடைப்பதும் இப்படித்தான்.

கிடைத்த ஐஎஸ்ஓ கோப்பின் ஷா256 என்ற சரிபார்ப்புத் தொகையை வெளியீட்டாளர் தந்த தொகையோடு ஒப்பிடாமல் வெற்று டிவிடியைத் தொட வேண்டாம். எழுதும்போது வட்டு எழுதும் நிரல்களான பிரசேரோவிலோ கே3பியிலோ படிமத்தை எழுது என்ற பொருளுள்ள விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேட்டா டிஸ்க் என்பதற்குள் ஐஎஸ்ஓவை இழுத்துப் போட்டால், ஒரே ஒரு பெரிய கோப்பைச் சுமந்த வட்டுதான் கிடைக்கும், அதுவும் பூட் ஆகாது. வேகத்தைச் சற்றுக் குறைத்து எழுதுவது என் வழக்கம். எழுதி முடித்ததும் வட்டை வெளியே எடுத்து மீண்டும் உள்ளே தள்ளி, அதே கவுன்ட் எண்ணோடு டிடியால் படித்து, வெளியீட்டை நேராக ஷா256சம் நிரலுக்கு அனுப்புங்கள். இரு தொகைகளும் ஒன்றாக இருந்தும் ஒரு கணினி பூட் ஆக மறுத்தால், பிறகு பார்க்க வேண்டியது அந்தக் கணினியின் பயாஸில் உள்ள பூட் வரிசையையும், டிரைவின் லென்ஸையும்தான்.