பட்ஜெட் நிறைவேறாமல் போனால்? கேள்வி – பதில்

கேள்வி: சார், 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு அலுவலகங்களையே மூடினார்களே, அவ்வளவு பெரிய நாட்டில் காசா இல்லை?

பதில்: காசு இருந்தது, செலவழிக்க அனுமதிதான் இல்லை. அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் பிறக்கிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், இல்லாவிட்டால் இடைக்கால நீட்டிப்பாவது வேண்டும். ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக்கூடாது என்ற சட்டம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனாலும் துறைகள் எப்படியோ சமாளித்து வந்தன. 1980-ல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி அந்தச் சட்டத்துக்குக் கறாராகப் பொருள் சொன்ன பிறகுதான் பூட்டுப் போடும் வழக்கம் வந்தது. 2025-ல் சிக்கல் மேலவையான செனட்டில். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 வாக்கு வேண்டும். ஆளுங்கட்சியிடம் 53 இடம்தான். 43 நாள் இழுத்தது.

கேள்வி: அப்போ முதியோர் பென்ஷனும் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஆண்டு ஒதுக்கீட்டில் வருவதில்லை, அதற்கு நிரந்தரச் சட்டம் இருக்கிறது. அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கடன் உச்சவரம்புத் தகராறு வேறு விஷயம். செய்திகளிலேயே அதையும் இந்த அலுவலக மூடலையும் குழப்புகிறார்கள்.

கேள்வி: இந்தியாவில் ஏன் இப்படி நடப்பதில்லை?

பதில்: ஒவ்வொரு துறையும் கேட்கும் செலவுத் தொகைக்கு மானியக் கோரிக்கை என்று பெயர். அதன் மீது வாக்களிப்பது மக்களவை மட்டுமே. தொகையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளில் திருப்பியனுப்ப வேண்டும். அதன் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். ஏப்ரல் 1-க்குள் வேலை முடியாதென்றால் அரசியல் சாசனப் பிரிவு 116-ன்படி 'வோட் ஆன் அக்கவுண்ட்' என்ற இடைக்காலச் செலவு அனுமதி வாங்கிக்கொள்ளலாம். கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் மக்களவையில் வென்றால் அலுவலகம் மூடாது, ஆட்சி போய்விடும். ஆகவே ஆளுங்கட்சி கொறடா உத்தரவோடு வந்து உட்காரும். இதற்கு நாம் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. விவாதிக்க நேரமில்லாத துறைகளின் கோரிக்கைகளைக் கடைசி நாளில் மொத்தமாக வாக்குக்கு விட்டுவிடுகிறார்கள். 'கில்லட்டின்' என்று பெயர். லட்சக்கணக்கான கோடி ரூபாய் ஒரு கேள்வி கூட இல்லாமல் நகர்கிறது.

கேள்வி: மேலவை முரண்டு பிடித்து ஆட்சி போன நாடு உண்டா?

பதில்: ஆஸ்திரேலியா. 1975-ல் செனட் ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறுத்திவைத்தது. நவம்பர் 11 அன்று அரச குடும்பத் தலைவியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், மக்களவையில் பெரும்பான்மை இருந்த பிரதமர் விட்லமையே நீக்கினார். பிரிட்டன் இந்தக் கதவை முன்பே அடைத்துவிட்டது. 1909 பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை நிராகரித்ததில் வந்த 1911 சட்டப்படி, அந்தச் சபையால் பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த முடியாது.

கேள்வி: பட்ஜெட்டே போடாமல் ஓட்ட முடியுமா?

பதில்: ஸ்பெயின் ஓட்டுகிறது. புது பட்ஜெட் வராவிட்டால் பழையது தானாக நீளும் என்று அங்கே அரசியல் சாசனமே சொல்கிறது. 2023 பட்ஜெட்தான் 2024-லும் 2025-லும் நடந்தது. சம்பளம் வரும், ஆஸ்பத்திரி நடக்கும். இடிப்பது புதுச் செலவில்தான்: பழைய பட்ஜெட்டில் தலைப்பே இல்லாத திட்டத்துக்குப் பணம் எடுக்க, அரசு தனியாக அவசர ஆணை போட்டு 30 நாளுக்குள் கீழவையில் ஒப்புதல் வாங்க வேண்டும். பட்ஜெட்டுக்குக் கை தூக்காத அதே கட்சிகளிடம்தான் அதற்கும் போய் நிற்க வேண்டும்.