எழுதிய சுரத்தை மாற்றி வாசிக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் மேற்கத்தேயச் சாஸ்திரியக் கிற்றார் பயிலும், அதற்கு முன் கர்நாடக வாய்ப்பாட்டும் கற்ற வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மேடையில் என் வாசிப்பு பாடம் ஒப்புவிப்பது போல இருக்கிறது. கற்பனைச்சுரம் பாடுவது போலக் கிற்றாரிலும் அப்போது தோன்றுவதைச் சேர்க்கலாமா? எழுதியபடியே வாசிக்கும்படி ஆசிரியர் சொல்கிறார்."

பெரும்பாலான உருப்படிகளுக்கு உங்கள் ஆசிரியர் சொல்வது சரி, எல்லாவற்றுக்கும் அல்ல. பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் ஒரு பிரெலூடில் (சிறு இசை உருப்படியில்) சுரங்களை மாற்ற உங்களுக்கு இடமில்லை. ஆனால் பரோக் காலத்து (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) நடன உருப்படிகளில் ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்படும். மறுமுறை அலங்காரம் சேர்ப்பது அக்காலக் கலைஞர்களின் வழக்கம். அக்கால ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், நடன உருப்படிகள் அடங்கிய தமது இரண்டாம் ஆங்கிலத் தொகுப்பின் சரபாந்துக்கு (மெதுவான நடன உருப்படிக்கு) அலங்கரித்த வடிவத்தையும் தாமே எழுதிவைத்துள்ளார். அது விசைப்பலகைக்கானதெனினும், எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கிற்றார் கலைஞர்கள் விரும்பி வாசிக்கும் பாக்கின் பிடபிள்யூவி 998 (அவரது படைப்புப் பட்டியலின் எண்) பிரெலூடில், முடிவுக்குச் சற்று முன் தாளம் தரித்து நிற்கும் இடத்தில், சிறு கற்பனைத் தொடரைச் சேர்ப்போரும் உள்ளனர்.

வாய்ப்பாட்டிலிருந்து வருபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கர்நாடக இசையில் ஆதார சுருதி அசையாது. ஷட்ஜத்தில் எப்போது வந்து நின்றாலும் அது இளைப்பாறும் இடம். இங்கோ அடியிலுள்ள கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறிக்கொண்டே இருக்கும். சி என்ற சுரத்தை ஷட்ஜமாகக் கொண்ட சி மேஜரில் ஜி7 கோர்ட் ஒலிக்கும்போது, அதாவது ப, நி, ரி, ம ஆகியவை சேர்ந்து ஒலிக்கும்போது, மேலே ஷட்ஜத்தை நீட்டிப் பிடித்தால் அது நிஷாதத்தோடு உரசும். இராகத்துக்குப் பொருந்திய சுரமே அங்கே பிழையாகக் கேட்கும். ஆகவே முதலில் பழக்க வேண்டியது விரலை அல்ல, கோர்ட் மாறுவதை முன்கூட்டியே உணரும் செவியை.

இதற்கு இத்தாலியக் கிற்றார் கலைஞர் ஜூலியானியின் முதலாம் ஓபஸிலுள்ள (படைப்பு எண் 1) 120 வலக்கைப் பயிற்சிகள் உதவும். அவை சி, ஜி7 என்ற இரண்டே கோர்ட்டுகளில் அமைந்தவை. அவற்றின் மேல், தாளத்தை விடாமல், முதலில் கோர்ட்டுக்குரிய சுரங்களை மட்டும் வைத்து மெட்டமையுங்கள். பிறகு இடைச்சுரங்களைத் தாளத்தின் பலமற்ற இடங்களில் நுழையுங்கள். கை பழகியதும் ஒரு சரபாந்தை மேல்மெட்டும் பேஸும் (அடிச்சுரங்களும்) மட்டுமாகச் சுருக்கி வாசித்து, மறுமுறையை ஒவ்வொரு நாளும் வேறாக அலங்கரியுங்கள். அலங்காரத்தை எழுதி மனனம் செய்தால் பழையபடி ஒப்புவிப்பதாகிவிடும். ஒவ்வொரு சுரத்துக்கும் கமகம் கொடுக்கும் ஆசையையும் அடக்குங்கள்.

சுரம் மாறாத உருப்படிகளிலும் காலமும் நாதமும் உங்கள் கையில்தான். 1536இலேயே ஸ்பானிய இசைக்கலைஞர் லூயிஸ் டி மிலான், கிற்றாரை ஒத்த பழைய தந்தி வாத்தியமான விகுவேலாவுக்கான தம் நூலின் சில உருப்படிகளில் கோர்ட்டுகளை நிதானமாகவும் ஓட்டங்களை விரைவாகவும் வாசிக்கும்படி எழுதினார். மறுமுறை வரும் வரியைப் பிரிட்ஜுக்கு (தந்திகள் கட்டப்படும் பாலத்துக்கு) அருகில் மீட்டினாலே அதன் முகம் மாறும்.

பரீட்சையில் இவற்றை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ட்ரினிட்டி கொலேஜின் தரப் பரீட்சைகளில் கற்பனை வாசிப்பைத் துணைத் தேர்வாகவே எடுக்கலாம் என்பதால், உங்கள் தரத்துக்குரிய நடப்புப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். கச்சேரியிலோ முதல் உருப்படிக்கு முன், அதன் ஸ்கேலிலேயே (சுரவரிசையிலேயே) அரை நிமிடம் கற்பனையாக வாசியுங்கள். 2016இல் மறைந்த பிரெஞ்சுக் கிற்றார் கலைஞர் ரோலண்ட் டயன்ஸ் தம் கச்சேரிகளைக் கற்பனை வாசிப்போடுதான் தொடங்கிவந்தார். தந்திகளின் சுருதியும் மண்டபத்தின் எதிரொலியும் அப்போதே தெரிந்துவிடும்.