விரிசலை அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் கவுண்டியைச் சேர்ந்த டட்லியில், 1890களில் கட்டிய செங்கல் டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது) ஒன்றை விலை பேசியிருக்கிறோம். நிலக்கரிச் சுரங்க அறிக்கையில் குறை எதுவும் இல்லை. பின்கட்டுச் சுவரில் ஒரு விரிசல், முன்சுவரில் எஸ் வடிவ இரும்புத் தகடு. "இந்தப் பக்கம் எல்லா வீடும் இப்படித்தான்" என்கிறார் ஏஜென்ட். இதற்குமேல் வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேக்கு வேறு தண்டம் அழ வேண்டுமா?

பதில்: அழுதுதான் ஆக வேண்டும். உங்கள் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் வீட்டை விற்பவர் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

நிலக்கரி அறிக்கை நிலக்கரியைப் பற்றி மட்டும்தான் பேசும். டட்லியில் சுரங்கம் தோண்டுவது கரியோடு நிற்கவில்லையே! இரும்பு உலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டுமென்று காசில் ஹில், ரென்ஸ் நெஸ்ட் குன்றுகளையே குடைந்தார்கள். கல் தூண்களை விட்டுவிட்டு நடுவில் வெட்டி எடுத்த பெரிய குகைகள் அவை. தூண் உதிர்ந்தால் குகையின் கூரை கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து, பள்ளம் தரைமட்டம் வரை ஏறி வந்துவிடும். ஆகவே சுண்ணாம்புக்கல் சுரங்கம் பற்றிக் கவுன்சிலிடம் தனியாக விசாரிக்கும்படி உங்கள் சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்) எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு அடியில் சுரங்கம் உண்டா, இருந்தால் நிரப்பியாயிற்றா என்ற இரண்டுக்கும் பதில் வர வேண்டும்.

கரி விஷயத்திலும் முழு நிம்மதி கிடையாது. வீட்டு எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் பதிவில் உள்ள சுரங்கக் குழிவாய்களைத்தான் அறிக்கை சொல்கிறது. கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயமே 1872இல்தான் வந்தது. அங்கே சுமார் 30 அடி தடிமனுள்ள கரிப்படுகை ஆழம் குறைவாகவே கிடந்ததால், அதற்கு வெகு காலம் முன்பே சின்னச் சின்னக் குழிகளாகத் தோண்டித் தள்ளியிருந்தார்கள்.

இனி விரிசல். 1 மி.மீ.க்குள் இருந்தால் பூச்சுக் கோளாறு என்று விடலாம். 5 மி.மீ.யைத் தாண்டினால் காரணம் தெரியாமல் நகரக் கூடாது. செங்கல் இணைப்புகளை ஒட்டிப் படிப்படியாக ஏறி, மேலே போகப் போக அகலமாகிறதா? சுவரின் ஒரு முனை இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய பெயின்டும் அழுக்கும் படிந்திருந்தால் பழைய விரிசல்; அசைவு எப்போதோ நின்றுபோயிருக்கலாம். செங்கல் விளிம்பு கூர்மையாக, புதுச் சிவப்பாகத் தெரிந்தால் அண்மையில் பிளந்தது. கதவுகளின் மேல்விளிம்பையும் கவனியுங்கள். சாய்வாக இழைத்திருந்தால் கதவு நிலை கோணியிருக்கிறது.

எஸ் தகட்டைக் கண்டு மிரள வேண்டாம். தரைப்பலகைக்கு அடியில் ஓடும் இரும்புக் கம்பியின் முனை அது. வெளியே பிதுங்கிய சுவரை யாரோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தகடு செங்கலுக்குள் அமுங்கியிருந்தாலோ, அதன் பக்கத்தில் புது விரிசல் ஓடினாலோதான் கவலை.

எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போடவும் கூடாது. இந்த வீடுகளில் பின்கட்டின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமற்றது. உடைந்த சாக்கடைக் குழாய் மண்ணைக் கரைத்தாலே அது இறங்கிவிடும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வேயில் லெவல் 3, அதாவது கட்டடத்தை மிக விரிவாகப் பார்க்கும் வகையை, எடுங்கள். பழைய வீட்டுக்கு லெவல் 2 போதாது.

நிலக்கரிச் சுரங்கத்தால்தான் சேதம் என்று உறுதியானால், 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி மைனிங் ரெமெடியேஷன் அத்தாரிட்டி என்ற அரசு அமைப்பு (2024 வரை கோல் அத்தாரிட்டி) சரிசெய்து தர வேண்டும். சேதம் தெரிந்த 6 ஆண்டுகளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லால் வந்த சேதத்துக்கு இந்தச் சட்டம் உதவாது. விற்பவர் முன்பே நோட்டீஸ் கொடுத்து, பழுது பார்ப்பதற்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டாரா என்றும் கேளுங்கள்.

கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் வரை, நீங்கள் பின்வாங்கலாம். அதற்குள், விரிசலை மறைக்காமல் சொல்லி இன்சூரன்ஸ் கொட்டேஷனையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.