‘எனவே’ போட்டால் காரணம் வந்துவிடுமா?

வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் தரம் 10, 11 மாணவர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். நிலத்தடி நீர் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி எழுதிய பந்தி இது: “எமது பிரதேசத்தில் விவசாயம் செய்யப்படுகின்றது. அதனால் கிணற்று நீர் மாசடைந்து காணப்படுகின்றது. எனவே மக்கள் பாதிக்கப்படுகின்றனர். ஆகவே நாம் நீரைப் பாதுகாக்க வேண்டும்.” இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் காரணம் விளங்கவில்லை. இன்னும் சில இணைப்புச் சொற்களைப் பட்டியலாகக் கொடுக்கலாமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பட்டியல் வேண்டாம். விவசாயத்துக்கும் கெட்டுப்போன நீருக்கும் நடுவே நாலைந்து நிகழ்வுகள் இருக்கின்றன. மாணவி அவற்றை எழுதாமல் ‘அதனால்’ என்று தாண்டிவிட்டாள். “எப்படி?” என்று கேளுங்கள், வரும் விடைக்கும் திரும்ப அதையே கேளுங்கள். இணைப்புச் சொல் ஒன்றும் போடாமல், வரிக்கு ஒரு நிகழ்வாகக் கொப்பியில் எழுதட்டும்:

வெங்காயத்துக்கு யூரியா போடுகிறார்கள்.
பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணில் நைத்திரேற்றாக (nitrate) மாறுகிறது.
நைத்திரேற்று நீரில் கரையும், மண்ணில் ஒட்டி நிற்காது.
இறைக்கும் நீரும் மாரி மழையும் அதைக் கீழே கொண்டுபோகின்றன.
செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புகள் உள்ள சுண்ணாம்புக்கல் இருக்கிறது.
நைத்திரேற்று கிணற்று நீரில் சேர்கிறது.

இனித்தான் இணைப்பு. “மிஞ்சிய நைத்திரேற்று மண்ணில் ஒட்டாமல் கரைந்துவிடுவதால், மாரி மழை அதைக் கீழே கொண்டுபோகிறது. அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் இருப்பதால் அது விரைவில் கிணற்றை எட்டுகிறது.” ஆறு வரிக்கு இரண்டு ‘ஆல்’ போதும். இப்படி எழுதும்போது இன்னொன்றும் தெரியவரும்: மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று வருகிறது. அப்படியானால் ‘விவசாயத்தினால்’ என்று மட்டும் எழுதுவது பிழை. ‘விவசாயத்தினாலும்’ என்று ஓர் ‘உம்’ சேர்க்க வேண்டும்.

‘மக்கள் பாதிக்கப்படுகின்றனர்’ என்பதில் யார், எப்படி என்ற இரண்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிகக் கூடுதலாக உள்ள நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையக்கூடும். இதை எழுதலாமே! ‘காணப்படுகின்றது’, ‘ஏற்படுகின்றது’ என்ற இரண்டையும் காரணம் சொல்லும் பந்திகளில் நான் அனுமதிக்கவே மாட்டேன். எது எதைச் செய்தது என்பதை அவை மறைத்துவிடும்.

‘அதனால்’ நடந்த விளைவுக்கு. ‘ஆகவே’ நாம் எடுக்கும் முடிவுக்கு. இப்படிப் பிரித்துப் பழக்குவது நல்லது. இடைநிகழ்வுகள் எழுதப்பட்டிருந்தால் முடிவும் திட்டமாக வரும்: “ஆகவே பசளையை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போட வேண்டும், பெருமழைக்கு முன் போடக்கூடாது.”

அடிக்கடி வரும் வேறு பிழைகளும் உண்டு. “ஏனெனில் மழை பெய்யாததனால்” என்பதில் காரணம் இரண்டு தரம் வருகிறது, ஒன்றை வெட்டுங்கள். பல வரிகளுக்குப் பின் தனியே ‘இதனால்’ வந்தால் எதனால் என்று தெரியாது. ‘இந்த உப்புக் கலப்பினால்’ என்று பெயர் சொல்ல வேண்டும். “மோட்டர் பூட்டிய பிறகு கிணறு உவரானது” என்பது முன்பின் மட்டுமே. குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறுகிறது என்று எழுதினால்தான் அது காரணமாகும்.

திருத்தும்போது விடுபட்ட இடத்தில் ஓரத்தில் ‘எப்படி?’ என்று மட்டும் எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுங்கள். விடையை நீங்கள் எழுதிவிட வேண்டாம். அந்த வரியை மாணவியே எழுதிச் சேர்த்த பின் புள்ளி போடுங்கள்.