போனை ஏன் அழித்தீர்கள்?

கேள்வி (சுருக்கம்): சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். பட்டுத்தறிதான் பிழைப்பு. என் மகனுக்கு 19 வயது. கல்லூரி ஃபுட்பால் டீமில் ஸ்டாப்பர், அதாவது தடுப்பாட்டக்காரன். பல்கலைக்கழக அணி செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. 23 நாள் முன்னால் மேட்ச் முடிந்ததும் மைதானத்தில் தகராறு. யாரோ கார்னர் கொடிக் கம்பைப் பிடுங்கி அடித்ததில் எதிர் டீம் பையனுக்குத் தாடை எலும்பு முறிந்துவிட்டது. எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர், என் மகன் நான்காவது. ‘விலக்கத்தான் போனேன்’ என்று சத்தியம் செய்கிறான். அன்று ராத்திரியே ஏற்காடு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் அனுப்பிவிட்டோம். டீம் குரூப்பில் வந்த வீடியோ எல்லாம் அவன் போனில் இருந்ததால், அழித்து ரீசெட் போட்டு பீரோவில் வைத்துவிட்டோம். அங்கேயும் தினமும் விடியற்காலையில் ஓடுகிறான். அவன் விளையாட்டு வாழ்க்கை பாழாகாமல் இருக்க என்ன வழி?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். செலக்‌ஷனுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், போனுக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

விலக்கப் போனவனுக்கு அந்த வீடியோதானே அம்மா சாட்சி? அதை ஏன் அழித்தீர்கள்? மகன் சொன்னதை நம்பியிருந்தால் போனை நகையைப் போலப் பத்திரப்படுத்தியிருப்பீர்கள். நீங்கள் நம்பவில்லை. நம்பாததை அவனிடம் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. கேட்காமலே துடைத்துப் போட்டீர்கள். அவன் குற்றவாளியா இல்லையா என்று உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கும் தெரியாத நிலையை உண்டாக்கியது நீங்கள்தான்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான பொது நோக்கத்தோடு சேர்ந்தால் அது சட்டவிரோதக் கூட்டம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 190-வது பிரிவின்படி, அந்த நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றம் கூட்டத்தில் இருந்த எல்லோர் மேலும் விழும். இங்கே ஆறு பேர். உங்கள் மகன் அடித்தான் என்று நிரூபிக்கக்கூடத் தேவைப்படாமல் போகலாம். எலும்பு முறிவு கொடுங்காயம். கம்பை ஆயுதமாக எடுத்துக்கொண்டால் 118(2): குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். அவன் எங்கே நின்றான், கை கம்பைப் பிடித்ததா, அடித்தவனைப் பிடித்து இழுத்ததா என்பதை நாலு வினாடி வீடியோ காட்டியிருக்கும்.

இப்போது இன்னொரு கதவையும் திறந்து விட்டிருக்கிறீர்கள். அதே சட்டத்தில் சாட்சியத்தை மறைப்பது 238-வது பிரிவு, மின்னணுப் பதிவை அழிப்பது 241. பெற்றவர்கள் என்பதற்காக இரண்டிலும் விலக்கு கிடையாது. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது 249. அதில் விலக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான், தாய்மாமனுக்கு இல்லை. பிழைக்கப் போன இடத்தில் உங்கள் தம்பியையும் இழுத்து விட்டீர்கள்.

அந்தப் போனைத் தொடாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள், ஆன் செய்யாதீர்கள். ‘ரெக்கவரி பண்ணித் தருகிறேன்’ என்கிற ஐந்து ரோடு கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். இப்போது வரும் போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டித்தான் இருக்கும், ரீசெட் போட்டால் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். கடையில் அது திரும்பி வராது. ஆனால் ரீசெட் கூகுள் கணக்கைத் தொடாது. பேக்கப் ஓடிக்கொண்டிருந்து, கூகுள் போட்டோஸிலிருந்து அழித்திருந்தால் அது குப்பையில் 60 நாள் கிடக்கும். உங்களுக்கு 37 நாள் மீதி. வக்கீலை உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கூகுள் கணக்கை வேறொரு போனில் திறந்து பாருங்கள். மற்றவர்கள் போனிலும் வீடியோ இருக்கும். குரூப்பில் ஃபார்வர்டு ஆனது சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்களை இழந்திருக்கும். முதலில் எடுத்தவர் போனில் உள்ளதுதான் கோர்ட்டில் வலுவாக நிற்கும். அதன் நகலைக் கொடுத்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதைக் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு வக்கீல் எழுத வேண்டும். மைதானத்தில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே எழுதுங்கள். இடம் நிரம்பினால் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும்.

வக்கீலிடம் முதல் வார்த்தையாக ரீசெட் விஷயத்தைச் சொல்லுங்கள். ஒளித்தால் முன்ஜாமீன் மனுவின்போது அரசுத் தரப்பு அதைத்தான் தூக்கிக் காட்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். ஜாமீன் கிடைத்தால் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நிபந்தனை வரலாம். வெளியூர் மேட்சுக்குப் போக நிபந்தனைத் தளர்வு மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். வாங்காமல் பஸ் ஏறினால் ஜாமீன் ரத்தாகலாம்.

போலீஸ் வேலைக்கும் இதே போன்தான் குறுக்கே நிற்கிறது. தமிழகக் காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்வார்கள். ‘குற்றமற்றவன்’ என்ற தீர்ப்பே வேண்டும். அதற்குச் சாட்சியம் வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வேலையை விட்டு நீக்கலாம் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடிபட்ட பையன் எப்படி இருக்கிறான் என்று நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. தாடை முறிந்தால் பல சமயம் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டிவிடுவார்கள். நாலு முதல் ஆறு வாரம் கஞ்சியும் ஜூஸும்தான், அதுவும் உறிஞ்சித்தான். உங்கள் மகன் மலையில் ஓடும் நேரத்தில் அடிபட்ட பையனின் அம்மா அந்தக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருப்பாள். பழம் வாங்கிக்கொண்டு நீங்களாகப் பார்க்கப் போகாதீர்கள், சாட்சியைக் கலைக்க வந்தார்கள் என்று ஆகிவிடும். சிகிச்சைச் செலவில் பங்கு கொடுக்க விரும்பினால் வக்கீல் மூலமாகச் சொல்லுங்கள். அதைக் கொடுப்பது உங்கள் கடமை என்றுதான் நான் சொல்வேன், மகன் அடித்திருந்தாலும் அடிக்காவிட்டாலும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நீங்களும் அவன் அப்பாவும் ஏற்காட்டுக்குப் போங்கள். தம்பியை அனுப்பச் சொல்லாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் அவனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தக் கம்பு யார் கையில் இருந்தது? அடிவாரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே வக்கீல் வாசலுக்குப் போங்கள்.